கொடைக்கானலுக்கு முதல்முறை போகிறீர்களா? கீழ்மலையில் ஏறுங்கள், மேல்மலை வரை போங்கள்

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் ஒரு பத்து நிமிடம் நின்றால் இரண்டு சொற்கள் காதில் விழும்: மேல்மலை, கீழ்மலை. மூட்டையும் கூடையுமாக நிற்கிறவர்கள் "மேல்மலை பஸ் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் ஏரி எந்தப் பக்கம், தூண் பாறை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான். ஏரியைச் சுற்றி சைக்கிள், ஒரு டப்பா சாக்லேட், ஒரு பாட்டில் யூக்கலிப்டஸ் தைலம், நகரத்து மூஞ்சிக்கல் பகுதி நெரிசலில் பாதி நாள். கொடைக்கானல் என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று இறங்கிவிட்டேன்.

பழனி மலைத்தொடரின் கிழக்குப் பாதி கீழ்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், கே.சி.பட்டி எல்லாம் அங்கே. காப்பி, மிளகு, மலைவாழை விளைகிற, குளிர் அவ்வளவாகக் கடிக்காத ஊர்கள். மேற்குப் பாதி மேல்மலை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை. இங்கே பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். தமிழில் 'மேல்' என்றால் உயரம், மேற்கு இரண்டும்தான். இந்த மலையில் இரண்டு பொருளும் சரியாகப் பொருந்துகின்றன. நடுவில் சுமார் 7000 அடி உயரத்தில் கொடைக்கானல் நகரம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற வழி இதுதான்: கீழ்மலை வழியாக ஏறி ஒரு இரவு, நகரத்தில் ஒரு இரவு, மேல்மலையில் ஒரு இரவு, பழனி வழியாக இறக்கம். நான்கு பகல், மூன்று இரவு. இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நகரத்தை விட்டுவிடுங்கள்.

முதலில் எப்போது போவது

ஏப்ரல், மே வேண்டாம். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடப்பது மே மாதம்தான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் பின்விளக்குகளைத்தான் அதைவிட அதிக நேரம் பார்ப்பீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் முற்பாதி வரை வடகிழக்குப் பருவமழை. பழனி மலைக்குப் பெருமழை கொட்டுவது அப்போதுதான். மண்சரிவும் மரம் விழுவதும் சாதாரணம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மேல்மலையில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளி உப்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். குளிர் தாங்குவீர்கள் என்றால் அதுவே போதும் காரணம். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் நல்லது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்துவிட்டால் கீழ்மலையில் காப்பி பூக்கும். செடி முழுக்க வெள்ளையாக, கிட்டத்தட்ட மல்லிகை வாசத்தோடு இருக்கும் அந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்கு நாள் குறித்துப் போக முடியாது, வாய்த்தால் வாய்த்தது.

குறிஞ்சி பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018 முடிந்தன. கணக்குப்படி அடுத்தது 2030. நடுவில் யாராவது 'இப்போ பூத்திருக்கு சார்' என்று கூட்டிப்போனால் அது வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன்

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். தமிழக அரசின் இணையதளத்தில் பெயர், முகவரி, கைபேசி எண், வண்டி எண், வரும் நாள், போகும் நாள், தங்குமிடம் கேட்பார்கள். கட்டணம் கிடையாது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4000 வண்டி, வார இறுதியில் 6000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் கோடையில் போவதாக இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அடிவாரத்தில் நின்றுகொண்டு சிக்னல் தேடாதீர்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. எனக்குப் பிடித்த வழியும் அதுதான்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் கொடைக்கானலில் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

மயிலுக்குக் குளிருமே என்று பேகன் போர்வை கொடுத்தது இந்த மலையில்தான். நமக்குக் கொடுக்க ஆளில்லை. ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, சாக்ஸ் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடையோ மழைக்கோட்டோ எந்த மாதமானாலும் வேண்டும். கீழ்மலைத் தோட்டங்களில் மழைக்காலத்தில் அட்டை ஏறும். ஒரு பொட்டலம் உப்பு போதும். கையில் ரொக்கம் இருக்கட்டும். கிராமத்து டீக்கடையில் போன்பே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், சிக்னல்தான் இருக்காது.

தங்குமிடத்துக்கு ஒரே ஒரு கேள்வி: அனுமதி பெற்ற விடுதிதானா? கூடாரம், தீமூட்டம், காட்டை ஒட்டிய அறை என்று ஆசை காட்டுகிறவர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பாருங்கள். காளான் விற்கிறோம் என்று காதோரம் கிசுகிசுப்பவர்களும் உண்டு. அது சமைக்கிற காளான் இல்லை, போதைக் காளான். வாங்கினால் போலீஸ் வழக்கு, தின்றால் ஆஸ்பத்திரி.

முதல் நாள்: வத்தலக்குண்டிலிருந்து கீழ்மலை

சென்னைப் பக்கமிருந்து ரயிலில் வந்தால் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கொடைக்கானல் அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர். அங்கிருந்து வத்தலக்குண்டு போய் காலைச் சாப்பாட்டை முடியுங்கள். இட்லி இரண்டு, அவ்வளவுதான். பொங்கலும் வடையும் நெய்யுமாக ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் அது எங்கே வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். மருமகனோடு போன பயணத்தில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வந்தது. வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள்.

வத்தலக்குண்டிலிருந்து எல்லோரும் காமக்காப்பட்டி சோதனைச்சாவடி வழியாக நேராக ஏறுவார்கள். நீங்கள் பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியைப் பிடியுங்கள். பட்டிவீரன்பட்டி மலைக் காப்பிக்கொட்டை இறங்கிவந்து பதப்படுகிற ஊர். இந்தப் பாதை குறுகல். எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை வழக்கம். நமக்கு முன்னுரிமை இருக்கிறது என்பதற்காக விறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், பஸ் டிரைவருக்குத்தான் ஒதுங்க இடம் எங்கே என்று தெரியும். பெரும்பாறையைத் தாண்டியபின் யானை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்கு முன் தாண்டிக்குடி சேர்ந்துவிட வேண்டும். வழியிலிருக்கும் புல்லாவெளி அருவியைத் தூரத்திலிருந்து பாருங்கள். வழுக்குப் பாறையில் செல்ஃபி எடுக்கப்போய் உயிர் விட்டவர்கள் உண்டு.

தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம். இரண்டும் சுற்றுலாத் தலங்கள் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துக்கு என்ன பயிர் முக்கியம் என்பதைச் சொல்லாமல் சொல்கின்றன. சாலையின் இரு பக்கமும் உயர்ந்த மரங்கள், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி, இடையில் ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், வாழை. ஒரே நிலத்தில் மூன்று நான்கு அடுக்கு. நவம்பர் முதல் ஜனவரி வரை போனால் பழம் பறிப்பார்கள். களத்தில் காப்பிப் பழம் காயும். தோட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் வாசலில் நின்று கேளுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, கேட்காமல் நுழைந்தால் நாய் வரும்.

மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். விருப்பாச்சி என்றும் சொல்வார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு ஆதாரம் இந்தப் பழம்தான். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. தோல் கறுத்துச் சுருங்கினால் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள், அப்போதுதான் இனிக்கும். முடிக்கொத்து நோய் வந்து இந்த வாழை பெருமளவில் அழிந்துபோனது, இப்போது இருப்பது மிச்சம்.

தாண்டிக்குடியில் பாலமுருகன் கோயில் இருக்கிற குன்றுக்கு மாலையில் ஏறுங்கள். ஊரைச் சுற்றிக் கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிய கல்திட்டைகள் இருக்கின்றன. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் அவை. தொல்லியலாளர்கள் இங்கே அகழாய்வும் செய்திருக்கிறார்கள். வழி கேட்டால் ஊர்ப் பையன்கள் காட்டுவார்கள். மேலே ஏறி நிற்பது, பெயர் செதுக்குவது எல்லாம் வேண்டாம். அது ஒருவருடைய கல்லறை.

இரண்டாம் நாள்: நகரம், அரை நாள் போதும்

தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு, ஊத்து வழியாக வத்தலக்குண்டு மெயின் ரோட்டைத் தொடலாம். இந்த வழியில் வந்தால் டம்டம் பாறை கிடைக்காது. அங்கிருந்து தெரியும் 297 மீட்டர் எலிவால் அருவியும் கிடைக்காது. மழை முடிந்த சமயம் என்றால் ஊத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு ஏறலாம். பங்குனியில் போகிறவர்கள் அந்த டீசலை மிச்சம் பிடிக்கலாம். நகரத்துக்கு முன் வெள்ளி அருவியில் எல்லா வண்டியும் நிற்கும். அங்கே விழுவது கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர், அதனால் முகம் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடிக்க வேண்டாம்.

நகரத்தில் எதைப் பார்ப்பது? ஏரி, 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டச் செய்தது. காலை 6 மணிக்கு நடந்தால் அழகு, 10 மணிக்கு மேல் சந்தை. பைன் காட்டுக்குக் கூட்டம் அலைமோதும். அது 1906-ல் வெள்ளைக்கார அதிகாரி நட்ட அயல்மரம். இந்த மலையின் சொந்தக் காடு சோலை. இங்கிலீஷ்காரன் 'ஷோலா' என்று எழுதிவைத்தது நம்முடைய சோலையைத்தான். அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், நாளை பூம்பாறை ரோட்டில் கூடவே வரும்.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று சூரிய ஆய்வகம். 1899-ல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் இங்கே இருந்துதான் கண்டுபிடித்தார். அந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். இரண்டு, குறிஞ்சி ஆண்டவர் கோயில். யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்துக்கு வந்த லீலாவதி கட்டியது, 1936-ல். வானம் தெளிவாக இருந்தால் கோயிலின் பின்பக்கமிருந்து பழனி தெரியும், வைகை அணையும் தெரியும்.

இரவில் நகரத்துக்குள்ளேயே காட்டுமாடு வரும். சாதுவான பெரிய எருமை என்று நினைத்துப் பக்கத்தில் போகாதீர்கள். ஆளைத் தூக்கி எறிந்த சம்பவங்கள் அடிக்கடி நடக்கின்றன. வண்டியில் இருந்தால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தணித்து நிறுத்துங்கள். நடந்து போனால் திரும்பி வேறு தெரு. அது நகரும் வரை காத்திருப்பதுதான் ஊர் வழக்கம்.

மூன்றாம் நாள்: மேல்மலை

இதற்குத்தான் இவ்வளவும். காலை 7 மணிக்கே கிளம்புங்கள். டேங்க்கை நகரத்திலேயே நிரப்பிவிடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'திரும்ப எத்தனை மணிக்கு?' நான் ஒருமுறை கேட்காமல் பூண்டியில் இறங்கிச் சுற்றிவிட்டு, கடைசி பஸ் போனபின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பெரியவர், "வர்ற வண்டியக் கேட்டுட்டுல்ல தம்பி ஏறணும்" என்று சொல்லிவிட்டு, கேரட் ஏற்றிப்போகிற லாரியைக் கைகாட்டி நிறுத்தினார். மூட்டைகளுக்கு நடுவே, மூடுபனியில், கொடைக்கானல் வரை வந்தேன். காசு வாங்கவில்லை.

சுமார் 20 கிலோமீட்டரில் பூம்பாறை. ஊருக்கு முன் ரோட்டோரம் ஒரு வளைவில் வண்டிகள் நிற்கும். அங்கிருந்து பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் வயல்களும் நடுவில் நெருக்கியடித்த ஓட்டு, தகர வீடுகளும் தெரியும். நிறையப் பேர் அங்கேயே படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் ஊருக்குள் இறங்குங்கள். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்குள்ளேயே. மூலவரை போகர் செய்ததாக ஊரார் சொல்கிறார்கள். அருணகிரிநாதர் ஒரு இரவு இங்கே படுத்திருந்தபோது அவரைக் கொல்ல வந்த அரக்கியிடமிருந்து முருகன் குழந்தையாகப் பக்கத்தில் படுத்துக் காப்பாற்றினான், அதனால் குழந்தை வேலப்பர் என்று ஒரு கதை. கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வயல் வரப்பில் நடக்காதீர்கள். படிவயலின் வரப்பு மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் சுவர். நாம் மிதித்துச் சரித்தால் அடுத்த மழையில் கீழ்வயலுக்கு மண் போய்விடும். வேலை செய்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே தலையில் கட்டிய துண்டைச் சரிசெய்துகொள்வார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள்.

மலைப்பூண்டை இங்கே வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்ததிலிருந்து மலைப்பூண்டு என்ற பெயரில் வடநாட்டுப் பூண்டு விற்பதும் கூடிவிட்டது. வீட்டில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பூண்டு லேசாகப் பழுப்பேறி, தோலில் புகை வாசம் இருக்கும். ஒரு பல்லை நசுக்கினால் கண்ணில் நீர் வரும். மாதக்கணக்கில் கெடாது. பறித்த ஈரப் பூண்டை மலிவாகக் கொடுத்தால் வாங்கி பையில் போட்டு மூடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், வீடு வந்து சேர்வதற்குள் பை முழுக்கப் பூசணம்.

பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகிற வழியில் காடு முடிந்து திடீரென்று புல்வெளி திறந்துகொள்ளும். மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலப் பண்ணை இங்கே இருக்கிறது, 1965-லிருந்து. முயல்களும், கம்பளி ரோமத்துக்காக வளர்க்கும் ஆடுகளும் பார்க்கலாம். கீழே ஏரி, வனத்துறை பரிசல் ஓட்டுகிறது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஏரி இருந்த இடம்கூடத் தெரியாது, அதனால் முதலில் மன்னவனூர் போய்விட்டுத் திரும்பும்போது பூம்பாறையில் இறங்கினாலும் சரிதான். கூக்கால் ஏரிக்குக் கூட்டம் குறைவு. சும்மா கரையில் உட்கார்ந்திருக்க நல்ல இடம்.

கிளாவரைதான் கடைசி ஊர். அதற்கப்புறம் காடு, அதற்கப்புறம் கேரளம். போனில் மேப் போட்டுப் பார்த்துவிட்டு "இப்படியே மூணாறு போயிடலாமே" என்று சிலருக்குத் தோன்றும். போக முடியாது. பேரிஜம் வழியாக மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய ரோடு பல்லாண்டுகளாக மூடிக் கிடக்கிறது. பேரிஜம் ஏரி வரை போவதற்கே வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு.

இரவு பூம்பாறையிலோ மன்னவனூரிலோ தங்குங்கள். வீட்டுச் சாப்பாடு கிடைக்கிற இடமாகப் பார்த்து, காலையிலேயே சொல்லிவிடுங்கள். இரவு 8 மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். சூடான சோறு, பீன்ஸ் பொரியல், பூண்டுக் குழம்பு.

நான்காம் நாள்: பழனி வழியாக இறக்கம்

மேல்மலையிலிருந்து திரும்பி, கொடைக்கானலைத் தாண்டி இறங்கினால் பெருமாள்மலையில் பாதை இரண்டாகப் பிரியும். வந்த வழியே போகாமல் பழனி ரோட்டைப் பிடியுங்கள். கொடைக்கானலிலிருந்து பழனி சுமார் 65 கிலோமீட்டர். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே, இரண்டாவதில் அல்லது மூன்றாவதில், இஞ்சின் இழுத்துப்பிடிக்க இறங்குங்கள். ரப்பர் கருகுகிற வாசம் வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடுபனியில் ஹெட்லைட்டைத் தணித்தே வைத்திருங்கள், உயர்த்தினால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பாதியில் வளைவுகளுக்கு இடையே கீழே பழனிக் கோயில் குன்று சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த இடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள். மலைவாழைப்பழச் சீப்பில் மிச்சமிருப்பதை அங்கேயே தின்றுமுடியுங்கள், ஜன்னல் ஏற்றிய பிறகு. பழனி ரோட்டுக் குரங்குகள் கைவரிசைக்காரர்கள்.